நெட்டைக் கிளாரினெட்

"விடுங்க மெர்வ், அது வாத்தியம் இல்ல," என்றாள் நர்ஸ்.

மெர்வின் ட்ரஸ்காட் விடவில்லை. உதடு காயாமல் இருக்க, குச்சி முனையில் இருந்த பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மகள் ப்ரைடி அவர் வாயில் வைத்திருந்தாள். அவர் கீழுதட்டைப் பல்லின்மேல் மடித்து, மேல்வரிசைப் பல்லால் குச்சியைப் பிடித்து, வாயின் இரண்டு ஓரத்தையும் இறுக்கிக்கொண்டார். கன்னம் துளிகூட உப்பவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு கிளாரினெட் வாசிக்கிறவர்களை அவருக்கு ஆகவே ஆகாது. நினைவு வந்து வந்து போகிற இந்த நிலையிலும் அந்த விஷயத்தில் கறாராக இருந்தார்.

"நேத்தும் இப்படித்தான் என் தெர்மாமீட்டரப் புடிச்சுக்கிட்டாரு," என்று நர்ஸ் சிரித்தாள். ப்ரைடிக்குச் சிரிப்பு வரவில்லை. குச்சியை மெதுவாகத் திருகி எடுத்தாள். உதடு கொஞ்சநேரம் அதே வடிவத்தில் இருந்துவிட்டுத் தளர்ந்தது.

நர்ஸ் வாசல்வரை போய்த் திரும்பி, "இன்னிக்கு எங்கேயும் போயிடாதீங்க," என்றாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ப்ரைடி நான்கு நாளாகவே எங்கும் போகவில்லை. புரூனி தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் கார்களை வரிசையாக ஏற்றி இறக்குவது அவள் வேலை. லீவு போட்டுவிட்டு வெஸ்ட் ஹோபார்ட்டின் செங்குத்துத் தெருவில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து கிடந்தாள். பதினெட்டு வயதில் இந்த வீட்டைவிட்டுப் போனவள், இருபத்தைந்து வருஷத்தில் இங்கே இரவு தங்கியது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். சண்டை என்று ஒன்றும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு வருவாள், சாப்பிடுவாள், பாத்திரம் துலக்கி வைப்பாள், கடைசி ஃபெர்ரியைச் சாக்கு சொல்லிக் கிளம்பிவிடுவாள்.

காரணம் ஓர் இசைத்தட்டு. அவள் பிறந்த வருஷம் மெர்வ் ஓர் ஐவர் இசை எழுதினார்: நான்கு தந்தி வாத்தியங்களும் ஒரு கிளாரினெட்டும். அதன் இரண்டாம் பகுதிக்குப் பெயர் 'ப்ரைடிக்கு'. தந்திகள் நான்கும் மெத்தென்று ஒரு தாலாட்டுக்கு விரிப்பு விரிக்கும். அதன்மேல் கிளாரினெட் வரும், வந்ததும் பல்லில் மணல் கடிபட்டதுபோல் இருக்கும். ஒவ்வொரு ஸ்வரமும் அடியில் இருக்கும் ஸ்வரத்தோடு உரசி உரசி ஒரு நிமிடத்துக்கும் மேல் போகும். பிறகு ஒரு சின்ன இடைவெளி, அதற்கப்புறம் எல்லாம் சமாதானமாகிவிடும். அந்த ஒரு நிமிடம்தான் மெர்வை ஊருக்குக் காட்டியது. 'குழந்தையைக் கண்டு அஞ்சும் ஒரு தகப்பனின் ஓலம். வேண்டாத ஒரு வருகையை இத்தனை நேர்மையாக யாரும் எழுதியதில்லை' என்று அப்போது ஒரு பத்திரிகையில் வந்ததை இசைத்தட்டின் உறையிலும் அச்சடித்தார்கள்.

அவளுக்குப் பதின்மூன்று வயதாகும்போது பள்ளிக்கூட மியூசிக் டீச்சர் பெருமையாக அந்தத் தட்டைப் போட்டு, உறையில் இருந்ததையும் உரக்கப் படித்தாள். டீச்சர் நல்லவள்தான், யோசனைதான் கிடையாது. அன்றிலிருந்து வகுப்பில் ப்ரைடிக்கு 'வேண்டாத வருகை' என்று பெயர். தன் மூன்று வயதிலேயே அம்மா பெர்த் நகரத்துக்குப் போய் வேறு குடும்பம் அமைத்துக்கொண்ட பிள்ளைக்கு அந்தப் பெயர் எங்கே போய்த் தைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டாள். அவர் கிளாரினெட் வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டையான ரீடைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். சீவுவதை நிறுத்தாமல், "பாட்டு பாட்டுதான். நீ நீதான். போய்ச் சாப்பிடு," என்றார்.

அவள் சாப்பிட்டாள். பியானோ வகுப்பை மறுநாளோடு நிறுத்திவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ராய் ஃபெனெக் வந்தார். எழுபத்தெட்டு வயது, மால்டாக்காரர், அப்பாவோடு இசைக்குழுவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசித்தவர். கையில் சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை இரண்டு. ஒன்றைப் பிட்டுக்கொண்டே கட்டிலருகே உட்கார்ந்தார்.

"டேய் மெர்வ். இன்னும் கெளம்பலியாடா நீ? எப்பவும் லேட்டு."

மெர்வ் கண்ணைத் திறந்தார். ராயைப் பார்த்தார், பிறகு அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ப்ரைடி எழுந்துபோய் அங்கிருந்த தோல்பெட்டியை இறக்கி மெத்தையில் வைத்துத் திறந்தாள். உள்ளே கறுப்பு மரத்தில் இரண்டு கிளாரினெட்டுகள், துண்டு துண்டாகக் கழற்றி அடுக்கியபடி. பார்க்க இரட்டைப்பிள்ளைகள்தான். சேர்த்துப் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று இரண்டு விரல் நீளம் அதிகம். இந்த வீட்டில் அவற்றுக்கு நெட்டையன், குட்டையன் என்று பெயர். குழந்தையாக இருக்கும்போது ப்ரைடி வைத்த பெயர்.

மெர்வின் விரல் நெட்டையனைத் தேடிப்போய் அதன்மேல் படுத்துக்கொண்டது.

"நீ சொல்லிடு," என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

ராய் தின்றுகொண்டிருந்ததைக் கீழே வைத்தார். "நானா? நாப்பத்து மூணு வருஷமா நான் சொல்றேன் நான் சொல்றேன்னு இழுத்தடிச்சுட்டு, இப்ப கடைசில எந்தலைல கட்டற பாத்தியா?"

மெர்வ் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரம் இறங்கியது. ராய் எழுந்து, "வா கண்ணு," என்று ப்ரைடியைச் சமையலறைக்கு அழைத்துப்போனார்.

அங்கே போய் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார், உச்சியில் பனி. குழாயைத் திறந்தார், மூடினார்.

"ராய், சொல்லுங்க. எனக்கு யாராவது தம்பி தங்கச்சி இருக்காங்களா?"

"அப்படி இருந்தாக்கூடத் தேவலாமே." அவர் மேசையில் உப்பு ஜாடியையும் மிளகு ஜாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நெட்டையன் அரை ஸ்வரம் எறக்கிப் பேசும். குட்டையன் அரை ஸ்வரம் ஏத்திப் பேசும். காகிதம் ஒண்ணுதான், விரல் ஒண்ணுதான். எதக் கையில எடுத்தியோ அதப் பொறுத்துச் சத்தம் மாறும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"ரெண்டுக்கும் ஊதற வாய்த்துண்டு ஒண்ணுதான் வச்சிருந்தான். இதுலேர்ந்து உருவி அதுல மாட்டுவான். உன் பாட்டு நெட்டையனுக்கு எழுதினது. அரங்கேத்தத்தன்னிக்கு மொதப் பகுதி குட்டையன்ல முடிஞ்சுது. வாய்த்துண்டக் கழட்டினான், உள்ள இருந்த தண்ணிய ஊதினான்." ராய் நிறுத்தினார். "திரும்பக் குட்டையன்லயே மாட்டிட்டான்."

ப்ரைடி உப்பு ஜாடியைப் பார்த்தாள்.

"நாங்க நாலு பேரும் ஆரம்பிச்சோம். அவன் உள்ள வந்தான். மொத ஸ்வரத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு. நடுவுல நிறுத்த முடியுமா? எடைவெளி வர்ற வரைக்கும் வாசிச்சான். அப்புறம் சட்டுன்னு நெட்டையன எடுத்துக்கிட்டான். முடிஞ்சதும் சபையே எந்திரிச்சு நின்னுச்சு பொண்ணே. நாங்க அஞ்சு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல."

"அந்தப் பத்திரிகைல…"

"ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு. அதுக்கு மறுநாளே சிட்னிலேர்ந்து போனு. ஒரு வாரத்துல உண்மையச் சொல்லிடறேன்டான்னான். அந்த வாரம் முடியவே இல்ல. அச்சுக்குப் போறப்ப அந்த எடத்துக்கு மட்டும் 'குட்டை'ன்னு எழுதிக் குடுத்துட்டான். அப்புறம் எல்லாருக்கும் அந்தக் கசப்புதான் வேணும். வெள்ளம் வந்தா துக்கப் பாட்டு எழுத மெர்வக் கூப்பிடு, சொரங்கம் சரிஞ்சா மெர்வக் கூப்பிடு. நாப்பது உருப்படி எழுதினான், எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குக் கட்டின வட்டி. எங்க நாலு பேர் கிட்டயும் சத்தியம் வாங்கினான். மத்த மூணு பேரும் போயாச்சு."

"அவ்வளவு பெரிய ஆளு, எப்படி மாத்தி மாட்டுவாரு?" என்றாள். அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"மூணு நாளாத் தூங்கலடி அவன்! நீதான். வயித்துவலின்னு கத்திக்கிட்டே இருந்த. உங்கம்மாவுக்கு ஒடம்பு முடியல. சமையக்கட்டுலேர்ந்து பின்கதவு வரைக்கும் ஒம்போது தப்படி, திரும்பு, ஒம்போது தப்படி. தோள்ல உன்னப் போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டே இருந்தான். அந்தப் பாட்டே அந்த நடையிலதான் வந்துச்சுன்னு ஒத்திகையில சொன்னான். ஒத்திகையில கேக்கணும் நீ அத. தேன் மாதிரி இருக்கும்."

ப்ரைடி பின்கதவைப் பார்த்தாள். தரையில் பழைய லினோலியம் விரிப்பு அதேதான். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் சாதாரணக் கோபமில்லை, பாத்திரத்தைத் தூக்கி எறியத் தோன்றும் கோபம். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். பதின்மூன்று வயதில், அந்தச் சாயங்காலம், ரீடைச் சீவிக்கொண்டே, 'தப்பான வாத்தியத்த எடுத்துட்டேன்ம்மா' என்று ஒரு வார்த்தை.

அறைக்குத் திரும்பினாள். ராய் பின்னால் வரவில்லை.

மெர்வ் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுவந்தது. விரல் இன்னும் நெட்டையன் மேல் இருந்தது. முன்பல் ஆட்டம் கண்டு வாசிப்பை விட்ட பிறகும் அதற்கு வாரம் தவறாமல் எண்ணெய் போட்டு வந்தவர்.

"ராய் சொல்லிட்டாரு," என்றாள்.

மூச்சு வந்தது, போனது.

"நான் உன்னயே பாத்துக்கிட்டு நின்னேன்ப்பா அன்னிக்கு. நீ என்ன நிமிந்துகூடப் பாக்கல. பாட்டு பெருசா நான் பெருசா உனக்கு? பேரு பெருசா?" குரல் ஏறியது. "நீ செஞ்சது அநியாயம். நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டுப் போயிடாத. மன்னிக்கல."

சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். உதடு மெல்ல மடிந்து அதைக் கவ்வியது, ஓரங்கள் இறுகின. ஒரு நீளமான மூச்சு வெளியே வந்தது, நீளமாக, சீராக, கடைசி வரை நடுங்காமல். அடுத்ததை எங்கே எடுப்பார் என்று ப்ரைடி காத்திருந்தாள். மூச்சு எடுப்பது கேட்பவனுக்குத் தெரியக்கூடாது என்று மாணவர்களிடம் சொல்வார். அவளுக்கும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்துத்தான், எடுக்கவே இல்லை என்று புரிந்தது.

மணி நான்கு ஆகியிருந்தது. ராய் உள்ளே வந்து, குச்சியை அவர் வாயிலிருந்து எடுத்துவிட்டு, நெற்றியில் கைவைத்தார்.

வியாழக்கிழமை காலை சாண்டி பே தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. 'ப்ரைடிக்கு' வாசிக்காமல் மெர்வை அனுப்ப முடியுமா என்று இசைக்குழுவில் எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். இப்போது முதல் கிளாரினெட் வாசிக்கும் ஹெட்டி லோ, மெர்வின் வாத்தியத்திலேயே வாசிக்கிறேன் என்று கேட்டிருந்தாள். ப்ரைடி தோல்பெட்டியோடு அரைமணி முன்னதாகவே போனாள். பாதிரியார் உடைமாற்றும் சின்ன அறையில் ஹெட்டியும் ராயும் இருந்தார்கள்.

ராய் ஹெட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"ஒரு தடவையாவது இவ அதச் சரியாக் கேக்கட்டும்," என்றார் ராய். "நான் எந்திரிச்சு சபைல சொல்லிடறேன். எனக்கென்ன, நாளைக்கு நானும் போகப்போறவன்தான்."

"வேணாம்," என்றாள் ப்ரைடி. கொஞ்சம் முரட்டுத்தனமாகவே வந்தது. "எங்கிட்டச் சொல்லச் சொன்னாரு. ஊருக்குச் சொல்லச் சொல்லல."

"அப்ப உம்பேரு? நீ வேண்டாத புள்ளன்னு அவனுங்க இன்னிக்கும் படிப்பானுங்களே!"

"படிக்கட்டும்."

அப்படிச் சொன்னாளே தவிர, கோட்டுப் பையில் இருந்த காகிதத்தில் அவளே அந்த உண்மையை எழுதி வைத்திருந்தாள். மூன்று வரி பேச வேண்டும், மூன்றாவது வரி அதுதான்.

ஹெட்டி இரண்டு வாத்தியங்களின் துண்டுகளையும் பொருத்திக்கொண்டிருந்தாள். கையில் கவனமாக இருந்தாள். "எனக்கு ஒண்ணு புரியுது, உங்க ரெண்டு பேருக்கும் புரியுதான்னு தெரியல," என்றாள். "வெளிய உக்காந்திருக்கிற அத்தன பேருக்கும் அந்தக் கசப்பு மனப்பாடம். நீங்க ஒண்ணும் சொல்லாம, நான் நெட்டைல வாசிச்சா, என்ன நெனப்பாங்க? ஹெட்டி வாத்தியத்த மாத்தி எடுத்துட்டாம்பாங்க. மெர்வோட சாவுல. ஃபர்ஸ்ட் இயர் படிக்கிற பொண்ணு மாதிரி."

ராய்கூட அதை யோசித்திருக்கவில்லை. சரியானதை வாசித்தால் அதுதான் தப்பாகக் கேட்கும்.

"இசைக்குழுவ நடத்தற கன்டக்டர் மூணாவது வரிசைல இருக்காரு," என்றாள் ஹெட்டி, சின்னக் குரலில்.

"உங்க இஷ்டம் ஹெட்டி," என்றாள் ப்ரைடி. "நெசமாத்தான் சொல்றேன். குட்டையனே வாசிங்க. எனக்குப் பழக்கம்தான்." பழக்கம்தான் என்பது பொய். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு என்றைக்கும் பழகவில்லை.

இசைக்குழுவின் நிர்வாகத் தலைவர் நீளமாகப் பேசினார். பள்ளிக்கூட ஊதுகுழலில் ஆரம்பித்த பையன், முப்பத்து நான்கு வருஷம் முதல் கிளாரினெட் நாற்காலி, கூடவே இசை எழுதுவது. கடைசியில் எதிர்பார்த்தபடியே அங்கே வந்தார். "ஒரு இளம் தகப்பனோட பயத்தை, ஏன், வெறுப்பையே ஒளிவுமறைவு இல்லாம எழுதின நேர்மை," என்றார். நாலைந்து தலைகள் ப்ரைடி பக்கம் திரும்பிவிட்டு, மரியாதையாக முன்னால் திரும்பிக்கொண்டன.

அவள் முறை வந்தது. காகிதத்தை விரித்தாள். "எங்கப்பா ரீடு சீவும்போது யார்கூடவும் பேச மாட்டாரு. தோட்டத்துல முள்ளங்கி மட்டும்தான் அவருக்கு வரும்." மெல்லச் சிரித்தார்கள். மூன்றாவது வரியைப் பார்த்தாள். 'அது ஒரு பிழை' என்று தன் கையெழுத்தில் இருந்தது. சபையில் இருந்த முகங்களைப் பார்த்தாள். இத்தனை பேர் அந்தக் கசப்பை நம்பித் தங்கள் சொந்தக் கசப்புகளை ஆற்றிக்கொண்டவர்கள். அப்பா சவப்பெட்டிக்குள் இருந்தார், பதில் சொல்ல முடியாமல். முடிந்தபோதும் சொல்லாதவர்தான். ஆனாலும் அடி வாங்கித் திரும்பி அடிக்க முடியாத ஆளை அடிக்க அவளுக்குக் கை வரவில்லை.

"அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

நான்கு தந்திகளும் ஹெட்டியும் வந்து உட்கார்ந்தார்கள். ஹெட்டியின் பக்கத்தில் தரையில் வாத்தியம் நிறுத்தும் இரண்டு முளைகள், இரண்டிலும் ஒவ்வொரு வாத்தியம். வாய்த்துண்டு குட்டையனில் இருந்தது. ராய் வயோலாவில் வில்லை வைத்தார். ஹெட்டி வாய்த்துண்டைக் கழற்றி, தண்ணீரை ஊதினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் குனிந்திருந்தாள். முன்வரிசையில் இருந்த பூங்கொத்து மறைத்ததால் எதில் மாட்டினாள் என்று ப்ரைடிக்குத் தெரியவில்லை.

தந்திகள் ஆரம்பித்தன. ப்ரைடி பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பல் கூசுவதற்குத் தயாரானாள்.

கூசவில்லை. கிளாரினெட் தந்திகளுக்கு நடுவே, எழுந்தவன் போர்வைக்குள் திரும்பி நுழைவதுபோல் வந்து சேர்ந்தது. வேறொன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஒரு சின்ன மெட்டு, கொஞ்ச தூரம் போகும், நிற்கும், திரும்பும், வந்த வழியே போகும். கேட்டால் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள், பத்திரிகையில் எழுதவும் மாட்டார்கள். அவள் எண்ணினாள். ஒன்பது, திரும்பு. ஒன்பது, திரும்பு. அழக்கூடாது என்று இருந்தவள் அழுதாள். இன்னும் மன்னிக்கவில்லை என்பதும் அப்போதே தெரிந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

பின்னால் சலசலப்பு. ஒருவர் தொண்டையைச் செருமினார். மூன்றாவது வரிசையில் கன்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, பிறகு தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சடங்கு முடிந்து பக்கத்து ஹாலில் டீ. சாண்ட்விச், தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக், காகித நாப்கின். ஜன்னலோரம் ஹெட்டி தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு மூன்று பேர் அவள் தோளைத் தொட்டு, மற்றதெல்லாம் அழகாக இருந்ததே என்றார்கள். அவள் தலையாட்டிக்கொண்டாள். காது சிவந்திருந்தது. ப்ரைடி ஒரு தட்டில் லாமிங்டன் எடுத்துக்கொண்டு அவளிடம் போவதற்குள், வாசனைத்திரவம் கமழும் ஒரு பெரியம்மா குறுக்கே வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். நாற்பது வருஷமாக ஒரு கச்சேரி விடாமல் வருகிறவள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா, நான் சொல்லக்கூடாது," என்று குனிந்தாள். "பாவம் அந்தப் பொண்ணு. வாத்தியத்த மாத்தி எடுத்துட்டா. அந்த எடத்தோட உயிரே போச்சு. உங்கப்பா இருந்திருந்தா…"

ப்ரைடி ஹெட்டியைப் பார்த்தாள். ஹெட்டி மடியில் நெட்டையனைக் கழற்றி வைத்து, உள்ளே துணியைவிட்டு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றாள் ப்ரைடி. "மூணு நாளாத் தூங்கலையாம்."

பெரியம்மா உச்சுக்கொட்டிவிட்டு டீ எடுக்கப் போனாள். ப்ரைடி ஜன்னலருகே போய்த் தட்டை நீட்டினாள். ஹெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, துணியை அவள் கையில் கொடுத்தாள். அது நனைந்திருந்தது.